ஃபிட் உட்காரவில்லையா? தூசிப் பேரடைகளுக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழைநீக்கக் குறிப்பு

தொலைதூர, தூசி மூடிய ஸ்டார்பர்ஸ்ட் (அதிவேகமாக விண்மீன்களைப் பிறப்பிக்கும்) பேரடையின் ஒளி அளவீடுகளை சிகேல், மேக்ஃபிஸ், பேக்பைப்ஸ், பிராஸ்பெக்டர் என்று ஏதோ ஒரு நிரலில் போட்டு, மாடலை அவற்றோடு பொருத்தி (அதுதான் ஃபிட்), விண்மீன் நிறையையும் விண்மீன் உருவாக்க வீதத்தையும் எடுக்கப் பார்க்கிறவர்களுக்கான குறிப்பு இது. எந்த நிரலாக இருந்தாலும் கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றேதான். முதுகலை ப்ராஜெக்ட் செய்பவர்களும் ஆய்வுப் படிப்பின் முதலாண்டில் இருப்பவர்களும் "மாடலை மாற்றணுமா?" என்ற கேள்வியோடுதான் வருவார்கள். மாடலில் கைவைக்க வேண்டிய நிலை கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் கேட்டலாகில் (அளவீட்டுப் பட்டியலில்) உங்கள் பேரடைக்குரிய அந்த ஒரு வரியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகத் தந்திருக்கிறேன். முதலில் கோப்பைத் திறந்து பார்த்தாலே தெரிபவை, அப்புறம் நிரலை மறுபடி ஓட்ட வேண்டியவை, கடைசியில் புதுத் தரவோ வேறோர் ஆளோ தேவைப்படுபவை. வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

## அறிகுறி 1: கை-ஸ்கொயர் நூற்றுக்கணக்கில் நிற்கிறது

கை-ஸ்கொயர் என்பது மாடலுக்கும் அளவீட்டுக்கும் உள்ள விலகலைச் சொல்லும் எண். அந்த எண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் படத்தைப் பாருங்கள். எந்தப் புள்ளிகள் விலகி நிற்கின்றன என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

ஒரு தொலைநோக்கியின் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு மேலே அல்லது கீழே இருந்தால், அலகுப் பிரச்சினை. ஃப்ளக்ஸை, அதாவது வந்து சேரும் ஒளியின் அளவை, ஜான்ஸ்கி என்ற அலகில் சொல்வார்கள். சிகேல் மில்லிஜான்ஸ்கி கேட்கும். மேக்ஃபிஸ் ஜான்ஸ்கி. பேக்பைப்ஸ் சொல்லாமல் விட்டால் மைக்ரோஜான்ஸ்கி என்று எடுத்துக்கொள்ளும். பிராஸ்பெக்டருக்கு மேகி, அதாவது 3631 ஜான்ஸ்கியால் வகுத்த எண். ஆயிரம் மடங்கு பிசகினால் 7.5 மேக்னிட்யூட் (பிரகாச அளவு) விலகல், அது கண்ணில் பட்டே தீரும். மனதில் வைக்க ஓர் எண் போதும்: ஏபி முறையில் 23.9 மேக்னிட்யூட் என்றால் 1 மைக்ரோஜான்ஸ்கி.

விலகல் சிறியதாக, ஆனால் பிடிவாதமாக அருககச்சிவப்பில் மட்டும் இருந்தால் வேகா, ஏபி என்ற இரண்டு மேக்னிட்யூட் முறைகளுக்கு இடையிலான குழப்பத்தைச் சந்தேகப்படுங்கள். கே பட்டையில் (2.2 மைக்ரான் அருகே) இரண்டுக்கும் வித்தியாசம் 1.9 அளவில், ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் 3.6 மைக்ரானில் 2.8 அளவில், 4.5 மைக்ரானில் 3.3 அளவில் இருக்கும். உங்கள் விலகல் இந்த எண்களில் ஒன்றை ஒத்திருந்தால் தேடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு புள்ளி துருத்திக்கொண்டிருந்தால், வடிகட்டியின் பெயரைச் சரிபாருங்கள். ஸ்கூபா-2 என்ற கேமராவின் 850 மைக்ரானும் சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி வரிசையின் 870 மைக்ரானும் ஒன்றல்ல. தூசியின் நிறமாலை அங்கே செங்குத்தாக இறங்குவதால் இந்த 20 மைக்ரான் வித்தியாசமே ஃப்ளக்ஸில் எட்டு சதவீதம் போல வரும். அடுத்து ஒளிர்கோடுகள், அதாவது வாயு குறிப்பிட்ட அலைநீளங்களில் உமிழும் ஒளி: செம்பெயர்ச்சி (விரியும் பிரபஞ்சத்தில் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு, தூரத்தின் அடையாளம்) 2.3 அருகே ஹைட்ரஜன் ஆல்ஃபா கே பட்டைக்குள் வந்து விழும். நிரலில் வாயு ஒளிர்வு அணைக்கப்பட்டிருந்தால் அந்தப் புள்ளி மேலேதான் நிற்கும்.

படம் கண்ணுக்குச் சரியாக இருந்து, கை-ஸ்கொயர் மட்டும் பெரிதென்றால், பிழை அளவுகள் நம்ப முடியாத அளவு சிறியவை. ஹப்பிள், ஜேம்ஸ் வெப் கேட்டலாகுகளில் ஒரு சதவீதப் பிழை சாதாரணம். ஆனால் விண்மீன் மாடல்களே அந்தத் துல்லியத்தில் இல்லை. சிகேல் தானாகவே 10 சதவீதம் சேர்த்துக்கொள்கிறது, மற்றவற்றில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, கண்டறியப்படாத பட்டைகள். மேல்வரம்பை அளவீடாகப் போட்டுவிட்டால் நிரல் அதை உண்மை ஃப்ளக்ஸ் என்றே நம்பும். சிகேலில் அளவீடே இல்லாத இடத்துக்கு -9999, மேல்வரம்புக்கு எதிர்மறைப் பிழை. என் விருப்பம் வேறு. அந்த இடத்தில் அளந்த ஃப்ளக்ஸையே, அது பூஜ்யமோ எதிர்மறையோ, அதன் பிழையோடு கொடுத்துவிடுங்கள். மேல்வரம்பாக மாற்றும்போது தகவல் கொஞ்சம் தொலைந்துபோகிறது.

யாரைக் கூப்பிடுவது? இந்த அறிகுறிக்கு யாரும் வேண்டாம்.

## அறிகுறி 2: ஒளியியல் பகுதி அழகாகப் பொருந்துகிறது, தொலை அகச்சிவப்பில் மாடல் தரைமட்டத்தில் கிடக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். சிகேலும் மேக்ஃபிஸும் ஆற்றல் சமன்பாட்டில் ஓடுகின்றன. விண்மீன்களின் ஒளியில் தூசி எவ்வளவு விழுங்கியதோ அவ்வளவும் அகச்சிவப்பில் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று: நீங்கள் சேர்த்துவைத்த இரண்டு ஒளிகளும் ஒரே பேரடையுடையவை அல்ல, அல்லது ஒரே பேரடையின் ஒரே பகுதியுடையவை அல்ல.

### 2-அ. தப்பான இணை

முதல் சந்தேகம் இதுதான். சப்மில்லிமீட்டர் (ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அலைநீளம்) மூலத்துக்கு ஒளியியலில் எந்தப் பேரடையை ஜோடி சேர்த்தீர்கள்? 850 மைக்ரானில் ஸ்கூபாவின் பீம் அகலம், அதாவது அது பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வட்டம், சுமார் 15 ஆர்க்செகண்ட் (ஓர் ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு). அந்த வட்டத்துக்குள் ஹப்பிள் ஆழ்படத்தில் பல பேரடைகள் கிடக்கும். அவற்றில் பிரகாசமானதை எடுத்துக்கொள்வது இயல்பான ஆசை. ஆனால் தூசிப் பேரடைகளில் நிஜமான இணை பெரும்பாலும் மங்கியது. சில சமயம் கண்ணுக்கே தெரியாதது.

இதற்கு ஹெச்.டி.எஃப். 850.1 என்ற பேரடையை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. ஹவாயின் மௌனா கேயாவில் உள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியில் பொருத்திய ஸ்கூபா, 1998-இல் வெளியான முடிவுகளில், ஹப்பிள் ஆழ்புலத்தின் மிகப் பிரகாசமான சப்மில்லிமீட்டர் மூலமாக இதைக் காட்டியது. வானத்திலேயே அதிகம் உற்றுப் பார்க்கப்பட்ட துண்டுகளில் ஒன்று அந்தப் புலம். இருந்தும் இணை கிடைக்கவில்லை. பக்கத்தில் செம்பெயர்ச்சி ஒன்றை ஒட்டிய ஒரு நீள்வட்டப் பேரடை இருந்து, ஆண்டுக்கணக்காக எல்லோரையும் குழப்பியது. 2012-இல்தான் கார்பன் மோனாக்சைடு கோடுகளும் அயனிக் கார்பன் கோடும் சேர்ந்து செம்பெயர்ச்சி 5.18 என்று முடிவாயிற்று. அதன் விண்மீன்களைப் பார்க்க ஜேம்ஸ் வெப் வர வேண்டியிருந்தது. அந்த நீள்வட்டப் பேரடையின் ஒளியை இந்தத் தூசியோடு ஜோடி போட்டிருந்தால் எந்த நிரலாலும் பொருத்தியிருக்க முடியாது. பொருந்தியிருந்தால் அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

சோதனை: உங்கள் மூலத்தின் இருப்பிடம் எந்தத் தொலைநோக்கியிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கி என்றால், ஆல்மா ஆவணக் காப்பகத்திலும் விஎல்ஏ (அமெரிக்காவின் ரேடியோ தொலைநோக்கி வரிசை) கேட்டலாகிலும் அதே இடத்தைத் தேடுங்கள். ஆல்மா தரவு பெரும்பாலும் 12 மாதத்துக்குப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது. பிரபலமான ஆழ்புலங்களில் இருக்கிற மூலத்துக்கு யாராவது ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். துல்லிய இடம் கிடைத்ததும், ஜேம்ஸ் வெப் 4.4 மைக்ரான் படத்தில் அந்தப் புள்ளியை வைத்துப் பாருங்கள். ஹப்பிள் படத்தில் வைத்துப் பார்ப்பது போதாது. வெப்புக்கு முந்தைய பெரிய ஆல்மா தொகுப்பான ஏஎஸ்2யுடிஎஸ்-இன் 707 பேரடைகளில் சுமார் 17 சதவீதம், ஆழமான கே பட்டைப் படத்திலும் தெரியவில்லை.

### 2-ஆ. ஒன்றல்ல, இரண்டு

இடம் சரி, ஆனால் ஃப்ளக்ஸ் ஒற்றைத் தட்டிலிருந்து வந்தது என்றால், அந்த ஃப்ளக்ஸ் ஒரே பேரடையுடையதா? சிலியின் அபெக்ஸ் தொலைநோக்கியில் லபோகா கருவி கண்ட 126 மூலங்களை ஆல்மா திரும்பப் பார்த்தபோது, தரமான படங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பல பேரடைகளாகப் பிரிந்துவிட்டன. ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் ஸ்பயர் கருவிக்கு நிலைமை இன்னும் மோசம். பீம் அகலம் 250, 350, 500 மைக்ரானில் முறையே 18, 25, 36 ஆர்க்செகண்ட். எவ்வளவு நேரம் பார்த்தாலும் நெரிசல் இரைச்சல் (ஒரே பீமுக்குள் பல பேரடைகள் கலப்பதால் வருவது) மட்டுமே ஆறு மில்லிஜான்ஸ்கி போல நிற்கும். கேட்டலாகில் பிழை 2 மில்லிஜான்ஸ்கி என்று எழுதியிருந்தால், அதில் நெரிசல் சேர்க்கப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய: எக்ஸ்ஐடி-பிளஸ் போல முன்னறிந்த இடங்களை வைத்துப் பிரிக்கும் கேட்டலாகுக்கு மாறுங்கள். மாற முடியாவிட்டால் ஸ்பயர் புள்ளிகளின் பிழையை உயர்த்திவிட்டு ஓட்டுங்கள். ஆல்மா புள்ளி ஒன்று இருந்தாலே நிறமாலையின் நீண்ட அலைநீள வால் பகுதி நிலைபெறும்.

ஆல்மா புள்ளியிலும் ஒரு பொறி உண்டு. படம் முதன்மை பீமுக்குத் திருத்தப்பட்டதா? 870 மைக்ரானில் ஆல்மாவின் பார்வை வட்டம் சுமார் 17 ஆர்க்செகண்ட் அகலம்தான். மூலம் அதன் அரை உயர விளிம்பில் இருந்து, திருத்தாத படத்தில் அளந்தால், ஃப்ளக்ஸ் பாதிதான் கிடைக்கும். இரைச்சல் சீராகத் தெரிகிற அழகான படம் திருத்தாத படம். அளக்க வேண்டியது விளிம்பில் இரைச்சல் ஏறுகிற அசிங்கமான படத்தில்.

### 2-இ. குறுக்கே நிற்கும் லென்ஸ்

500 மைக்ரானில் 100 மில்லிஜான்ஸ்கிக்கு மேல் இருக்கிறதா? ஹெர்ஷல்-அட்லஸ் கணக்கெடுப்பின் முதல் புலத்தில் அப்படிப்பட்டவற்றிலிருந்து அருகிலுள்ள சுருள் பேரடைகளையும் ரேடியோ பிளேசர்களையும் (நம்மை நோக்கித் தாரை வீசும் கருந்துளைகள்) கழித்தபோது மிஞ்சிய ஐந்தும் ஈர்ப்பு லென்ஸில் (முன்னால் நிற்கும் பேரடையின் ஈர்ப்பு பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்துக் கூட்டுவது) பெரிதாக்கப்பட்டவை என்று 2010-இல் வெளியானது. உங்கள் மூலமும் அப்படி என்றால், ஒளியியலில் தெரிவது முன்னால் நிற்கும் லென்ஸ் பேரடை, சப்மில்லிமீட்டரில் தெரிவது பின்னால் இருப்பது. இரண்டையும் ஒரே வரியில் போட்டுப் பொருத்திக்கொண்டிருந்தால் தீர்வு வராது. நிறமாலை செம்பெயர்ச்சி இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தால் அதுவே போதுமான சாட்சி.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு லென்ஸ் மாடல் போடத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். முன்பேரடையின் ஒளியைக் கழிப்பதும் பெரிதாக்கத்தைக் கணிப்பதும் ஒரு வார இறுதியில் கற்றுக்கொண்டு முடிக்கிற வேலை இல்லை.

### 2-ஈ. ஒரே பேரடை, ஆனால் விண்மீன் ஒரு பக்கம் தூசி ஒரு பக்கம்

மேலே உள்ள மூன்றும் இல்லை என்று உறுதியான பிறகே இங்கே வாருங்கள். தூசி ஒளிர்வு நடுவில், ஓரிரு கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு) ஆரத்துக்குள் அடைந்து கிடக்கும். ஹப்பிளில் தெரியும் விண்மீன் ஒளியோ அதைப்போல இரண்டு மடங்கு பரந்து கிடக்கும், சில சமயம் மையமே தள்ளியிருக்கும். அப்படியானால் நீங்கள் பார்க்கும் புற ஊதா ஒளி, தூசி மூடாமல் தப்பிய ஓரப்பகுதியுடையது. அதன் நிறத்தை வைத்து மறைப்பைக் கணித்தால் குறைவாகத்தான் வரும்.

முதலில் மறைப்பு விதியை, அதாவது தூசி எந்த அலைநீளத்தை எவ்வளவு மறைக்கும் என்ற சூத்திரத்தை, மாற்றிப் பாருங்கள். கால்செட்டி விதிக்குப் பதில், பிறப்பு மேகத்துக்கும் பொதுவெளிக்கும் தனித்தனி மறைப்பு தரும் சார்லோ–ஃபால் விதி. சிகேலில் ஒரு வரி மாற்றம்தான். பல நேரம் இதிலேயே தொலை அகச்சிவப்பு எழுந்து நிற்கும். நிற்காவிட்டால் ஹப்பிள் பட்டைகளை எடுத்துவிட்டு, ஓய்வுநிலையில் (செம்பெயர்ச்சியைக் கழித்த அலைநீளத்தில்) 0.5 மைக்ரானுக்கு மேலே மட்டும் வைத்து ஓட்டுங்கள். இரண்டு ஓட்டங்களின் விண்மீன் நிறையும் பிழைக்குள் ஒத்துப்போனால் பிரச்சினை மறைப்பில் மட்டும், நிறையை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் அகச்சிவப்பையும் ஒளியியலையும் தனித்தனியாகப் பொருத்தி, இரண்டையும் தனியாகவே அறிவியுங்கள். ஆற்றல் சமன்பாட்டை வலிந்து பிடித்துக்கொண்டு நிற்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

## அறிகுறி 3: செம்பெயர்ச்சி இரட்டை உச்சம் காட்டுகிறது, அல்லது நம்ப முடியாத தூரம் சொல்கிறது

ஒளி அளவீட்டுச் செம்பெயர்ச்சி என்றால்: நிகழ்தகவு வளைவைப் படமாகப் பாருங்கள், ஒற்றை எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். தூசியால் சிவந்த பேரடையும், லைமன் முறிவால் (இடையிலுள்ள ஹைட்ரஜன் புற ஊதா ஒளியை விழுங்குவதால்) பட்டைகளிலிருந்து காணாமல் போன அதிதூரப் பேரடையும் வெப் படங்களில் ஒரே மாதிரி இருக்கும். வெப் பார்த்த சியர்ஸ் புலத்தில் சியர்ஸ்-93316 என்ற பேரடைக்கு ஒளி அளவீடு 16-க்கு மேல் செம்பெயர்ச்சி சொன்னது. நிறமாலை எடுத்ததும் 4.9-இல் வந்து நின்றது. வலுவான ஒளிர்கோடுகள் பட்டைகளுக்குள் விழுந்து போலி வடிவம் தந்திருந்தன. அதே புலத்தில் 2 மைக்ரானுக்குக் கீழே காணாமல் போன இன்னொரு மூலம், பிரெஞ்சு ஆல்ப்ஸில் உள்ள நோயமா தொலைநோக்கி வரிசை 1.1 மில்லிமீட்டரில் பிடித்த தூசி ஒளிர்வால், செம்பெயர்ச்சி 5 அருகே உள்ள சாதாரண தூசிப் பேரடை என்று தெரிந்தது.

சோதனை எளிது. அந்த இடத்தில் சப்மில்லிமீட்டர் படம் ஏதாவது இருக்கிறதா? ஸ்கூபா-2-இல் மங்கலாக ஏதாவது தெரிந்தாலும் குறைந்த செம்பெயர்ச்சிக்கே என் வாக்கு. ஆனால் 850 மைக்ரான் ஃப்ளக்ஸ் ஒன்றை மட்டும் வைத்து தூரம் சொல்லாதீர்கள். செம்பெயர்ச்சி 1 முதல் 8 வரை அதே பேரடை அங்கே ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் தெரியும்.

ஒரே ஒரு கோட்டிலிருந்து வந்த நிறமாலைச் செம்பெயர்ச்சி என்றால்: அது செம்பெயர்ச்சியே இல்லை, ஊகம். 91.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கார்பன் மோனாக்சைடு கோடு தெரிந்தால் அது 3–2 ஆக (மூலக்கூறு மூன்றாம் சுழல் நிலையிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது வரும் கோடு) இருந்து செம்பெயர்ச்சி 2.78 ஆகலாம், 4–3 ஆக இருந்து 4.04 ஆகலாம், 5–4 ஆக இருந்து 5.30 ஆகலாம். இது கற்பனை உதாரணம் இல்லை. குட்ஸ்-வடக்குப் புலத்தின் ஜிஎன்10 என்ற பேரடைக்கு 2009-இல் சொல்லப்பட்டது 4.04. 2020-இல் விஎல்ஏ, நோயமா தரவோடு 5.30 என்று திருத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பேரடையின் நிறையும் தூசி வெப்பநிலையும் தவறான தூரத்தில் கணக்கிடப்பட்டுக்கொண்டிருந்தன.

எனவே கேட்டலாகின் செம்பெயர்ச்சித் தரப் பத்தியைத் திறந்து பாருங்கள். ஒற்றைக் கோடு என்றால் அடுத்த கோடு எங்கே விழ வேண்டும் என்று கணக்கிடுங்கள். மேற்படி உதாரணத்தில் 4.04 என்றால் 114.3 கிகாஹெர்ட்ஸ், 5.30 என்றால் 109.7. காப்பகத்தில் அந்த அலைவரிசை இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை இரண்டு செம்பெயர்ச்சிக்கும் தனித்தனியாக ஃபிட் ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 4: நிரலை மாற்றினால் விண்மீன் நிறையும் மாறுகிறது

மாறத்தான் செய்யும். எவ்வளவு மாறுகிறது என்பதுதான் கேள்வி.

1.7 மடங்கு போல: தொடக்க நிறைப் பரவல், அதாவது பிறக்கும் விண்மீன்களில் எந்த நிறையில் எத்தனை என்ற அனுமானம். ஒன்றில் சால்பீட்டர், மற்றதில் ஷாப்ரியே. அமைப்புக் கோப்பைப் பார்த்துவிட்டு ஒன்றுக்கு மாற்றுங்கள். விண்மீன் உருவாக்க வீதத்துக்கும் இதே கதைதான். பத்து லட்சம் கோடி சூரியன்களின் அகச்சிவப்பு ஒளிர்திறன் சால்பீட்டரில் ஆண்டுக்குச் சுமார் 1,700 சூரிய நிறை, ஷாப்ரியேயில் சுமார் 1,000.

இரண்டு மூன்று மடங்கு: விண்மீன் உருவாக்க வரலாறு. இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். சப்மில்லிமீட்டர் பேரடைகளின் நிறைக்கு மிகாவோஸ்கி குழு 2010-இல் 30,000 கோடி சூரிய நிறைக்கு மேல் சொன்னது. ஹெய்ன்லைன் குழு 2011-இல் சுமார் 7,000 கோடி என்றது. இருவரும் பார்த்தது கிட்டத்தட்ட அதே மாதிரிப் பேரடைகளை. 2012-இல் பல அனுமானங்களை வைத்து மறுபடி கணக்குப் போட்டபோது, வரலாற்றைப் பற்றிய அனுமானமும் நிறைப் பரவலும்தான் எண்ணைத் தள்ளிக்கொண்டு போகின்றன என்பது தெளிவாயிற்று. மேக்ஃபிஸ் வைத்து 2015-இல் ஆல்மா தொகுப்புக்குக் கிடைத்த எண் நடுவில், சுமார் 8,900 கோடியில், நின்றது.

ஏன் இப்படி? புதிதாகப் பிறந்த சில கோடி ஆண்டு வயதுள்ள விண்மீன்கள் பழையவற்றின் ஒளியை அமுக்கிவிடுகின்றன. நிறையோ பழையவற்றில்தான் இருக்கிறது. ஒற்றை வெடிப்பாக மாடல் போட்டால் பழையவை கணக்கிலேயே வராது, நிறை குறையும். இரண்டு பகுதி மாடலோ, பிராஸ்பெக்டரின் கட்டம் கட்டமான வரலாறோ போட்டால் நிறை ஏறும்.

சோதனை: குறைந்தது இரண்டு வரலாறுகளோடு ஓட்டுங்கள், தாமதித்துத் தணியும் மாடல் ஒன்று, அதே மாடலோடு சமீபத்திய வெடிப்பு சேர்த்தது ஒன்று. இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பிழை. நிரல் தரும் பிழைப் பட்டை அதைவிடச் சிறியதாக இருந்தால் அதைக் கட்டுரையில் போடாதீர்கள்.

தரவால் குறைக்க முடியுமா? முடியும். செம்பெயர்ச்சி 4-இல் வெப்பின் மிரி கருவியின் 7.7 மைக்ரான் பட்டை, ஓய்வுநிலையில் 1.5 மைக்ரானைத் தொடுகிறது. தூசியின் தொந்தரவு அங்கே குறைவு, பழைய விண்மீன்களின் பங்கு அதிகம். காஸ்மாஸ்-வெப் போன்ற புலங்களில் அது ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மூலம் அங்கே விழுகிறதா என்று பாருங்கள்.

பத்து மடங்கு: மேலே சொன்ன எதுவும் இல்லை. அறிகுறி 2-க்கோ 3-க்கோ திரும்புங்கள்.

## அறிகுறி 5: விண்மீன் உருவாக்க வீதம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில்

செம்பெயர்ச்சி 6.34-இல் உள்ள ஹெச்எஃப்எல்எஸ்3 என்ற பேரடைக்கு 2013-இல் ஆண்டுக்கு 2,900 சூரிய நிறை என்று வெளியானது. ஆகவே நான்கு இலக்கம் வந்தாலே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தேகிக்க வேண்டிய எண்தான்.

1. லென்ஸ். 2010-இல் வெளியான காஸ்மிக் ஐலாஷ் பேரடை, செம்பெயர்ச்சி 2.33-இல், 32 மடங்கு பெரிதாக்கப்பட்டது. திருத்தியபின் அதன் வீதம் ஆண்டுக்குச் சுமார் 210. திருத்தாமல் விட்டிருந்தால் ஆறாயிரத்தைத் தாண்டியிருக்கும். கார்பன் மோனாக்சைடு கோட்டின் அகலத்துக்கு ஒளிர்திறன் அதிகமாக இருந்தால் அதுவும் லென்ஸின் அடையாளம்.

2. கலப்பு. 2-ஆ பாருங்கள்.

3. நடுவில் உணவருந்தும் கருந்துளை. ஸ்பிட்சரின் நான்கு பட்டைகளைப் பாருங்கள். விண்மீன்கள் என்றால் ஓய்வுநிலை 1.6 மைக்ரானில் ஒரு மேடு தெரிய வேண்டும், செம்பெயர்ச்சி 2.5-இல் அது 5.6 மைக்ரானில் விழும். மேடே இல்லாமல் நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் கருந்துளையின் சூடான தூசி. சாண்ட்ரா எக்ஸ்ரே கேட்டலாகில் தேடுங்கள். ரேடியோவில், அகச்சிவப்பு–ரேடியோ விகிதம் (மடக்கை அளவில்) வழக்கமான 2.4-க்கு மிகக் கீழே போயிருந்தால் அதுவும் சாட்சி. அப்புறம் சிகேலில் கருந்துளைக் கூறைச் சேர்த்து ஓட்டுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கருந்துளை 24 மைக்ரானைக் கெடுக்கும் அளவுக்கு 850 மைக்ரானைக் கெடுப்பதில்லை. 24 மைக்ரானிலிருந்து மட்டும் வீதம் எடுத்திருந்தால் முதலில் அதை விடுங்கள்.

24 மைக்ரானுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. செம்பெயர்ச்சி 2-இல் ஹைட்ரோகார்பன் தூசியின் 7.7 மைக்ரான் பட்டை அங்கே விழுந்து புள்ளியை உயர்த்தும். 1.5-இல் சிலிகேட் பள்ளம் விழுந்து இறக்கும். இந்த இரண்டு செம்பெயர்ச்சிக்கு அருகே என்றால் அந்தப் புள்ளியின் மாடலை அதிகம் நம்ப வேண்டாம்.

4. நிறைப் பரவலே வேறாக இருப்பது. கனமான விண்மீன்கள் அதிகம் பிறந்தால் அதே ஒளிக்குக் குறைந்த வீதம் போதும். கார்பன் மோனாக்சைடின் ஐசோடோப்பு விகிதங்களை வைத்து, லென்ஸ் செய்யப்பட்ட நான்கு ஸ்டார்பர்ஸ்ட்களில் அப்படித்தான் இருக்கிறது என்று 2018-இல் ஒரு குழு வாதிட்டது. சுவாரசியமான விஷயம்தான். ஆனால் உங்கள் ஃபிட்டைச் சரிசெய்ய இதைக் கருவியாக எடுக்காதீர்கள். எதை வேண்டுமானாலும் சரிசெய்துவிடும்.

## அறிகுறி 6: தூசி வெப்பநிலை எல்லையில் ஒட்டிக்கொள்கிறது, அல்லது விநோதமாகக் குளிர்கிறது

எத்தனை புள்ளிகள் இருக்கின்றன? உச்சத்துக்கு இரண்டு பக்கமும் புள்ளி இல்லாமல் வெப்பநிலையையும் பீட்டாவையும் (நீண்ட அலைநீளத்தில் தூசி ஒளி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்ற எண்) சேர்த்துக் கேட்டால் ஒன்று ஏற மற்றது இறங்கிக்கொண்டே இருக்கும். பீட்டாவை 1.8-இல் பூட்டிவிட்டு ஓட்டுங்கள்.

பூட்டியும் குளிராகவே இருந்தால், தூசி ஒளி ஊடுருவக்கூடியது என்ற அனுமானத்தைச் சந்தேகப்படுங்கள். அடர்ந்த ஸ்டார்பர்ஸ்டில் 100, 200 மைக்ரான் வரை கூட தூசி தன் ஒளியைத் தானே மறைத்துக்கொள்ளும். செம்பெயர்ச்சி 4.05-இல் உள்ள ஜிஎன்20 என்ற பேரடைக்கு மெல்லிய தூசி என்று போட்டால் 33 கெல்வின், அடர்ந்த தூசி என்று போட்டால் 52 கெல்வின். அணுக்கார்பன் கோடுகள் சொன்ன வெப்பநிலை இரண்டாவதோடுதான் ஒத்துப்போனது. வெப்பநிலை மாறினால் தூசி நிறையும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். கார்பன் கோடு இல்லாமல் இரண்டில் எது என்று ஃபிட்டால் மட்டும் சொல்ல முடியாது. இரண்டையும் எழுதுங்கள்.

செம்பெயர்ச்சி 5-க்கு மேல் என்றால் பெருவெடிப்பின் எச்சமான பின்னணிக் கதிர்வீச்சைச் சேர்த்தீர்களா? 5.18-இல் அதன் வெப்பநிலை 16.8 கெல்வின். குளிர்ந்த தூசியின் ஒளியில் கணிசமான பங்கு அந்தப் பின்னணியில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

## அறிகுறி 7: வயது கட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது

கட்டம் என்பது நிரல் முயன்று பார்க்கும் வயதுகளின் பட்டியல். கீழ் ஓரம் என்றால், நீங்கள் கொடுத்த மிகச் சிறிய வயதைவிடவும் இளமையான வெடிப்பை மாடல் கேட்கிறது. வரலாற்றில் வெடிப்புக் கூறைச் சேருங்கள். மேல் ஓரம் என்றால், பிரபஞ்சத்தின் வயதோடு ஒப்பிடுங்கள்: செம்பெயர்ச்சி 2.6-இல் சுமார் 250 கோடி ஆண்டு, 4-இல் 150 கோடி, 5.2-இல் 110 கோடி. அதற்கு மேலே உங்கள் கட்டம் போகிறதென்றால் வெட்டுங்கள். சிகேலில் முடிவை எடுக்கும்போது "பெஸ்ட்" என்ற பத்திகளை விட்டுவிட்டு "பேயஸ்" (எல்லா மாடல்களையும் எடையிட்டு எடுத்த சராசரி) பத்திகளை எடுங்கள். தூசிப் பேரடையில் வயதும் மறைப்பும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்ளும் என்பதால், இந்த வயதை வைத்து பெரிய கதை எதுவும் கட்ட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

## ஆளைக் கூப்பிடும்போது என்ன அனுப்புவது

ஆல்மா படத்தில் சந்தேகம் என்றால் ஆல்மா உதவி மையம் இருக்கிறது. பதிவுசெய்த பயனர் எவரும் கேள்வி அனுப்பலாம். லென்ஸ், கருந்துளை, கோடு அடையாளம் ஆகியவற்றுக்கு அந்தந்தத் துறை ஆட்கள். யாராக இருந்தாலும் "ஃபிட் வரவில்லை" என்ற ஒற்றை வரியோடு போகாதீர்கள். உள்ளீட்டுக் கோப்பின் அந்த ஒரு வரி, அமைப்புக் கோப்பு, ஹப்பிள், வெப், ஆல்மா மூன்றிலும் ஒரே அளவில் வெட்டிய படத்துண்டுகள், அதன்மேல் ஒவ்வொரு பீமின் வட்டம், செம்பெயர்ச்சி எந்தக் கோடுகளிலிருந்து வந்தது என்ற விவரம், எந்தெந்தச் சோதனை ஏற்கெனவே முடிந்தது என்ற பட்டியல். படத்துண்டுகளை அடுக்கி வைக்கும்போதே இணை தப்பு என்று தெரிந்துபோய், மின்னஞ்சலை அனுப்பாமலே விட்டவர்களும் உண்டு.